மாலத்தீவின் சார்பில்

ஜனவரி 18, புதன்

இன்று சீட்டு குலுக்கினார்கள். எனக்கு மாலத்தீவு விழுந்தது.

அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் மாதிரி ஐ.நா. மன்றம் நடக்கிறது. தென்மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்து முதல் தடவையாக முழுக்கத் தமிழிலேயே நடத்துகிறார்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கை எதுவோ அதைப் பேச வேண்டும். பொருள்: கடல்மட்ட உயர்வு. எங்கள் நாகர்கோவில் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் போகிறோம். அரசியல் அறிவியல் பார்வதிநாதன் சார் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாடுகளைப் போட்டுக் குலுக்கினார். ஆவுடைச்செல்விக்குக் கனடா. அவள் திருநெல்வேலிக்காரி, என் பக்கத்து இருக்கை, எதற்கும் வாய் சும்மா இருக்காது.

"ஏட்டி பிரிசி, மாலத்தீவா? கல்யாணம் முடிச்சவொ போற ஊருல்லா அது. அதுக்குக் கொள்கை வேற இருக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் அந்த நாட்டில் ஆறு வருஷம் வளர்ந்தவள் என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி அப்பாவைப் பற்றி வரும்.

சார் இரண்டு விதி போட்டார். முதலாவது, மன்றத்தில் 'நான்' என்ற சொல்லே கிடையாது. "பிரதிநிதிக்குச் சொந்த அபிப்ராயம் இருக்கக் கூடாது. நாடு என்ன சொல்லுதோ அதச் சொல்லணும். எப்பவும் 'நாங்கள்'தான்" என்றார். இரண்டாவது, போட்டி முடியும்வரை எல்லாரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஜனவரி 19, வியாழன்

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மாலத்தீவு என்றதும் கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் மறுபடி துருவினாள். "அப்பாட்ட கேளு. அவருக்குத் தெரியாததா" என்றாள்.

அப்பா அங்கே ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்திலிருந்து அப்படிப் போன வாத்தியார்கள் நிறையப் பேர். எனக்கு நாலு வயதில் நானும் அம்மாவும் அப்பாவோடு போனோம். பத்து வயதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பினோம். எனக்குத் தமிழ் எழுத வரவில்லை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால்தான் சரிப்படும் என்று முடிவு. அப்பா ஒரு வருஷத்தில் பின்னாலேயே வந்துவிடுவதாக ஏற்பாடு. அந்த ஒரு வருஷம் இப்போது பத்து வருஷமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார், மாசிக்கருவாட்டுப் பொட்டலமும் கையுமாக.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டார். ஒப்பந்தம் இந்தப் பிப்ரவரியோடு முடிகிறதாம். மேற்கொண்டு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து, அப்பா பாஷையில் ஒப்பு, போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும். "நான் என்ன செய்யட்டு மக்ளே?" என்றார். அதற்கு முன்னால் அம்மாவிடமும் கேட்டிருக்கிறார். அம்மா "உங்க இஷ்டம்" என்றிருக்கிறாள். நானும் "உங்க இஷ்டம்பா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நாமாக வாங்க என்று சொல்லி, வந்த பிறகு இங்கே அவருக்கு மனசு ஒட்டாமல் போனால் என்ன செய்வது? அம்மா எப்போதும் சொல்வது அதுதான். நாம நிர்ப்பந்திச்சதா இருக்கப்பிடாது, அவராத் தோணி வரணும். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பத்து வருஷமாக அவருக்குத் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 22, ஞாயிறு

வழக்கமாக அப்பா போன் நாலு நிமிஷம். சாப்பிட்டியா, மழை உண்டா, படிக்கியா, அம்மாட்ட குடு. இன்று மாலத்தீவு சீட்டு விழுந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ நீ இந்த நாட்டுக்கு ஸ்தானாபதியா? ஒனக்கு நான் என்ன மக்ளே செய்து தரணும்? கேளு."

கேட்டேன். குடிநீர் எப்படி வருகிறது, மீன் முன்னைப் போல் கிடைக்கிறதா, கரை எவ்வளவு கரைந்திருக்கிறது, இளைஞர்கள் எங்கே போகிறார்கள். அப்பா பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதி எழுதி விரல் வலித்தது. ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினோம். அம்மா பக்கத்தில் பருப்பு அரிக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் அம்மாட்ட குடு என்று சொல்லவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

துணி ஊற வைத்தது மறந்துபோய் என் வெள்ளைச் சுடிதாரில் அம்மாவின் சேலைச் சாயம். மன்றத்துக்கு அதைத்தான் போட இருந்தேன். மாலத்தீவு இனி இளஞ்சிவப்பில் வரும்.

ஜனவரி 27, வெள்ளி

அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அப்பா எனக்காகத் தீவைச் சுற்றி நடந்திருக்கிறார். சுற்றி என்றால் என்ன, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு இருபது நிமிஷம். வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினார். மணல் தெரு அப்படியே இருக்கிறது. காலையில் பெண்கள் ஈர்க்குமாறால் தெருவைப் பெருக்கி, மணலில் கோடு கோடாகத் தடம் இருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கோட்டை முதலில் மிதிக்கிறவள் நானாக இருக்க வேண்டும் என்று ஓடுவேன். அம்மா பின்னாலேயே என் ரிப்பனோடு ஓடி வருவாள்.

நாங்கள் இருந்த வீட்டையும் காட்டினார். பவளக்கல் சுவர், நீலக் கதவு. இப்போது யாரும் இல்லை. அடுக்களைப் படியிலிருந்து தண்ணீர் வரைக்கும் அப்பா காலடி எண்ணிக்கொண்டே நடந்தார். பதினொன்று.

"நாப்பது இருந்தது மக்ளே. நீ ஓடிக்கிட்டே எண்ணுவா. ஓர்மை உண்டா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. சாயங்காலம் அந்தப் படிக்குப் பக்கத்தில் அப்பா உட்காருவார். இரும்புக் குழாயில் கயிற்று வலை பின்னின நாற்காலி, அங்கே எல்லா வீட்டு வாசலிலும் அதுதான். நான் அப்பா மடியில் உட்கார்ந்தால் இரண்டு பேர் பாரத்தில் வலை தாழ்ந்து மணலைத் தொடும். அம்மா சூரைமீனையும் தேங்காயையும் பிசைந்து ரொட்டிக்குள் வைத்துத் தருவாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டது அங்கேதான். இங்கே வந்த பிறகு அப்படிச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

"இப்போ பள்ளியில முப்பத்தாறு பிள்ளைகதான்" என்றார் அப்பா. "பாதிப்பேரு தலைநகருக்குப் போயாச்சு. நம்ம ராஜமணி சாரும் நவம்பர்ல மார்த்தாண்டத்துக்கே வந்துட்டாரு."

"அப்போ அங்கன தமிழ் பேச யாருப்பா இருக்கா?"

"நீ உண்டுல்லா."

அதை ஏதோ வேடிக்கை மாதிரிச் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டேன். நேற்று வைத்த சோறு கிடக்கிறது, அது போதும் என்றார். நான் கரையோர மண்ணரிப்பு பற்றி அடுத்த கேள்வி கேட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும்போது தெருநாய் ஒன்று குரைத்தது. எனக்கு இன்னும் நாய் என்றால் பயம். அந்த நாட்டில் நாயே கிடையாது. பத்து வயதில் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில்தான், நினைவு தெரிந்து முதல் தடவையாக, ஒரு நிஜ நாயைப் பார்த்து, கூப்பாடு போட்டு அம்மாவின் சேலையைக் கிழித்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்பா வேணும் என்று அழுதேனாம். அம்மா இப்போதும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். நாய் வரைக்கும் சொல்வாள், அதோடு நிறுத்திவிடுவாள்.

ஜனவரி 31, செவ்வாய்

கொள்கை அறிக்கையை சாரிடம் காட்டினேன். வெப்பம் ஒன்றரை டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தீவுகள் பிழைக்காது, இதைத்தான் நாங்கள் எல்லா அரங்கிலும் சொல்லி வருகிறோம் என்று எழுதியிருந்தேன். சார் தலையை ஆட்டினார். "எல்லாம் சரிதாம்மா. வேற நாடு எதாவது 'எங்க ஊருக்கு வந்துருங்க, எடம் தாறோம்'னு சொன்னா உங்க பதில் என்ன?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அறிக்கையின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் அங்குள்ள பழைய மீன்காரர்களிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பப் பேசினார். "போக மாட்டோம்னுதான் சொல்லுதாவ. இது எங்க எடம், கடல நீங்க நிறுத்துங்கன்னு சொல்லுதாவ" என்றார். அதையே கொள்கையாக எழுதிக்கொண்டேன்.

போனை வைக்கப் போகும்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழமக்குள்ள ஒப்பு போட்டு ஹெட்மாஸ்டருட்ட குடுக்கணும். நீ ஒண்ணும் சொல்லல்லியே மக்ளே."

"போட்டி முடியட்டும்பா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.

உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை, லீவு முடிந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நிற்கும்போது, போகாதீங்கப்பா என்று கேட்டேன். அடுத்த வருஷம் வந்துடுவேன் என்றார். வரவில்லை. அதற்குப் பிறகு கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்குவதற்கு, கேட்காமலே இருந்துவிடலாம்.

பிப்ரவரி 3, வெள்ளி. திருநெல்வேலி

முதல் நாள். முப்பத்து நான்கு நாடுகள், ஒரே ஒரு மின்விசிறி ஒழுங்காக ஓடுகிறது. எல்லாவற்றையும் நேரலையில் காட்டுகிறார்கள். அப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன்.

தொடக்கத்தில் வருகைப் பதிவு. நாட்டின் பெயரைக் கூப்பிடும்போது 'வந்திருக்கிறோம்' என்று மட்டும் சொன்னால், ஓட்டெடுப்பின்போது எந்தப் பக்கமும் சாயாமல் விலகிக்கொள்ளலாம். 'வந்திருக்கிறோம், வாக்களிப்போம்' என்று சொல்லிவிட்டால் நழுவ முடியாது, ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டும். மாலத்தீவு, வாக்களிப்போம் என்றது. என் குரல் எனக்கே கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

மத்தியானத்துக்கு மேல் ஆவுடை எழுந்தாள். மூழ்கும் தீவுகளின் மக்கள் அனைவருக்கும் கனடாவும் நட்பு நாடுகளும் குடியிருக்க இடமும் குடியுரிமையும் தரும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். "வாருங்கள், எங்கள் வீடு உங்கள் வீடு" என்று முடித்தாள். அரங்கமே கை தட்டியது. எனக்கும் தட்ட வேண்டும்போல் இருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4, சனி

பெரிதாக எழுத வேண்டிய நாள். வரிசையாக எழுதுகிறேன்.

என் முறை பதினொன்றரைக்கு வந்தது. கையில் நாலு பக்கம் புள்ளிவிவரம் இருந்தது. பார்த்தேன், மடித்து வைத்துவிட்டேன். "எங்கள் நாட்டில் நாய் இல்லை" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு மணல் தெருவில் விழும் ஈர்க்குமாற்றுக் கோட்டைச் சொன்னேன். வலைநாற்காலியைச் சொன்னேன். நாற்பது காலடி பதினொன்றாகிவிட்டதைச் சொன்னேன். அப்போது அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

"கனடாவுக்கு நன்றி. வாருங்கள் என்று கூப்பிடுவது சுலபம். நாங்கள் வந்துவிட்டால் அந்தக் கடலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எங்களைக் கூப்பிடாதீர்கள். நாங்கள் எங்கே இருக்கிறோமோ அங்கேயே இருக்க விடுங்கள். அது ஒன்றுதான் எங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை" என்று முடித்தேன்.

தீர்மானத்தில் திருத்தம் கேட்டேன். குடியமர்த்துவதை எடுத்துவிட்டு, வெப்பத்தைக் குறைப்பதை முதல் பொறுப்பாக எழுத வேண்டும் என்பது திருத்தம். பதினெட்டுக்குப் பதினான்கு. ஜெயித்துவிட்டோம். இரண்டு நாடுகள் விலகிக்கொண்டன.

வெளியே வந்ததும் ஆவுடை கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அங்கயே கெடந்தவ மாதிரில்லா பேசுத."

"கெடந்தவதான். ஆறு வருசம். அப்பா இப்பவும் அங்கதான் இருக்காரு."

"தனியாவா?"

"ம்."

"வரச் சொல்ல வேண்டியதுதானட்டி."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வர ஆறரை. அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போன். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மக்ளே, முழுசும் பாத்தேன். எங்க ஹெட்மாஸ்டரும் பக்கத்துல இருந்தாரு. நீ பேசினத நான் அவருக்கு மாத்திச் சொன்னேன். கடைசில மனுசன் கண்ணத் தொடச்சாரு, கேட்டியா."

"தேங்க்ஸ்பா."

"நீ சொன்னது எனக்கும் நல்லாத் தெளிஞ்சுது. இத்தன நாளும் மனசு கெடந்து அங்கயும் இஞ்சயுமா ஆடிச்சு. இருக்க எடத்துல இருக்கதுதான் மரியாதைன்னு சொன்னியே. சரிதான். அங்க வந்து ஒங்களுக்குப் பாரமா ஒரு மூலையில இருக்கதுக்கு, இதுதான் நல்லது. அப்பமே ஒப்பு போட்டுட்டேன். ரெண்டு வருசம். ஹெட்மாஸ்டரு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாச்சு."

எனக்கு என்ன கேட்கிறது என்றே புரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தாள். "சரி. உங்க இஷ்டம்" என்றாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. முகத்தை நான் பார்த்தேன், அப்பாவால் பார்க்க முடியாது. இத்தனை வருஷமும் இந்த வார்த்தையை அவர் போனில் மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"அப்பா, அது மாலத்தீவு பேசினது. நான் பேசல."

"என்ன மக்ளே?"

"அது அந்த நாட்டுக் கொள்கைப்பா. சீட்டுல விழுந்தது. கனடா விழுந்திருந்தா வாங்கன்னு பேசியிருப்பேன்."

காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. வெளியே நின்று பேசியிருக்கிறார்.

"அப்போ ஒனக்கு என்ன?" என்றார்.

"நீங்க வரணும்பா." அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பத்து வருசமா வரணும். எனக்கு அந்தத் தீவு ஞாபகம் வரதே நீங்க அதுல இருக்கதுனாலதான். வந்து மூலையில இருந்தாலும் சரி. வாங்க."

"ரெண்டு தடவ கேட்டேனே மக்ளே" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் அப்படியே காதில் வைத்தாள். "பிள்ளை மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள். "ஒங்க இஷ்டம் ஒங்க இஷ்டம்னு சொன்னேனே, அது வாங்கன்னுதான். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும் சுகந்தி?" என்றார் அப்பா.

பிப்ரவரி 5, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இரண்டு பேருமே போகவில்லை. அம்மா காலையிலிருந்து மூன்று தடவை போனைச் சார்ஜில் போட்டாள்.

பத்து மணிக்கு அப்பா பேசினார். ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். மகள் பேசியதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னாராம். மனுசன் முதலில் சிரித்தாராம், பிறகு கோபப்பட்டாராம். தாள் போனது போனதுதான், ஆனால் நடுவில் விலகிக்கொள்ள வழி இருக்கிறது. வேறு கணக்கு வாத்தியார் கிடைக்கும்வரை இருந்து கொடுக்க வேண்டும். ஜூன் வரைக்கும் ஆகலாம்.

"ஜூன்ல நிச்சயமாப்பா?" என்று கேட்டேன். கேட்கக் கூசவில்லை.

"நிச்சயம்" என்றார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

சார் நாட்குறிப்பை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எனக்குச் சிறப்புச் சான்றிதழ், ஆவுடைக்குச் சிறந்த பிரதிநிதி. கனடா ஒரு வாரமாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

இன்று அம்மா அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள். ஜூனுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்றேன். கிடக்கட்டும் என்றாள். லீவில் வரும்போது அப்பாவின் துணி பெட்டியிலேயேதான் இருக்கும். ஒரு மாதத்துக்கு எதற்கு எடுத்து அடுக்குவது என்று அவரே சொல்லிவிடுவார். தட்டைத் துடைத்து, பழைய நாளிதழ் விரித்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்தால் அப்பா வீட்டில் இருப்பார் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், பேப்பர் படிப்பாரா, குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவாரா, ஒன்றுமே தெரியவில்லை. அவருடைய நாட்டைப் பற்றி என்னிடம் நாலு பக்கம் புள்ளிவிவரம் இருக்கிறது.

"அம்மா, காலையில அப்பாக்குக் காப்பியா சாயாவா?" என்று கேட்டேன்.

அம்மா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"தெரியாதுட்டி" என்றாள். "லீவுக்கு வரும்போ குடுத்தத குடிப்பாரு. நான் கேட்டதில்ல."